காரம் கூடாது

786
பினாங்கு, சூலியா தெரு,
3 மார்ச் 1935

என் அருமை லாத்தா ஆசியா பீவிக்கு, தங்கை ருக்கையா ஸலாம் சொல்லி எழுதுவது. நாகூரில் நீயும் சிக்கந்தர் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ கேட்கிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை.

என் வீட்டுக்காரர் அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். போன பெருநாள் கழிந்து கப்பலேறினோமே, அப்போதே தலைவலி என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். கடல் ஆட்டம் என்று விட்டுவிட்டோம். தொப்பிக் கடையில் தையலுக்கு உட்கார்ந்ததும் கால் வீங்கியது. உட்கார்ந்தே இருப்பதால் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் காலையில் முகமே வீங்கி, கண் இடுங்கி, கண்ணாடியைப் பார்த்து "இது யாரு?" என்று கேட்டார்கள். அதற்குமேல் விட முடியவில்லை.

இது யாரோ ஒரு சீமான் ஏழைகளுக்கென்று கட்டிய தர்ம ஆஸ்பத்திரி. தர்மம் வாசல் பலகையோடு நின்றுவிட்டது. வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவது வருகிறார். கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கிப் பார்த்தார். ரத்தக் கொதிப்பாம், மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் இரண்டும் கெட்டிருக்கிறதாம். முதல் நாள் கடை முதலாளி ஹாஜியாரின் கணக்கப்பிள்ளை கூட வந்ததால் இவ்வளவாவது தெரிந்தது. அவருக்கு வேலை இருக்கிறது, அப்புறம் வரவில்லை. இந்த ஊர் வெயிலில் இவர்களைக் கம்பளியில் சுற்றிப் போட்டு வியர்க்க வைக்கிறார்கள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது.

சாப்பாடு என்று ஒன்று வருகிறது. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத அவித்த காய். ஒரு வேளை மறக்கலாம், லாத்தா. வேளா வேளைக்கா மறப்பான்? ஏழைதானே, எதைக் கொடுத்தாலும் விழுங்குவான் என்ற எண்ணம்.

மருந்து கொடுக்கிற டிரெசர் ஒருவன் இருக்கிறான். மிஸ்டர் பேக்கர் என்று கூப்பிடுகிறார்கள். கோட்டும் சப்பாத்துமாக இருக்கிறான். நிறம் நம் நிறம்தான், ஆனால் இந்த ஊரில் எல்லா ஜாதியும் கலந்திருப்பதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வீட்டிலிருந்து என்ன சாப்பாடு கொண்டுவரலாம் என்று அவனிடம் கேட்டேன். என் பக்கம் திரும்பாமலே மலாய் பாஷையில் "காரம் தக் போலே" என்றான். "தக் போலே" என்றால் கூடாது. இங்கே இறங்கிய நாளிலிருந்து அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரம் கூடாதாம். நம் சொல் ஒன்றையாவது தெரிந்து வைத்திருக்கிறானே என்று அந்தக் கோபத்திலும் ஒரு சந்தோஷம்.

துஆ செய். வஸ்ஸலாம்.
உன் ருக்கையா

மச்சிக்கு ஸலாம். ருக்கையா இந்தக் கடிதத்தை என் கட்டிலுக்கே கொண்டுவந்து ஒரு வரி எழுதச் சொன்னாள். நான் தேறிவிடுவேன். உங்கள் தங்கை கோபத்தில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியைத்தான் அல்லாஹ் காப்பாற்ற வேண்டும். — ஹபீப் முகம்மது


நாகூர்,
16 மார்ச் 1935

பிரியமுள்ள தங்கச்சி ருக்கையாவுக்கு ஸலாம். நாங்கள் சுகம். பெரியவனுக்கு மட்டும் சளி. உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

மாப்பிள்ளை எழுதிய வரியைப் படித்துச் சிரித்தேன். மேலே நீ எழுதியதைப் படித்து அழுதேன். இரண்டையும் ஒரே காகிதத்தில் அனுப்பினால் நான் என்ன செய்ய? இங்கே உன் மச்சான் வியாபாரமாகக் கொழும்புக்குப் போயிருக்கிறார்கள். பினாங்கில் வருஷக்கணக்காக இருந்தவர்கள். வீட்டில் இருந்தால் அந்த ஊர் நடப்பைச் சொல்லியிருப்பார்கள்.

உப்பில்லாத கஞ்சியா? நோயாளிக்கா? நம் வாசலில் வந்து கேட்கிற மிஸ்கீனுக்குக்கூட உம்மா உப்புப் பார்க்காமல் ஊற்றியதில்லை. நீயே சமைத்துக் கொண்டுபோ. ஆனால் டிரெசர் சொன்னதை மீறாதே, அவன் தயவு நமக்கு வேண்டும். மிளகாய், மிளகு, இஞ்சி எதையும் தொடாதே. காரம் இல்லாவிட்டால் வாய்க்கு விளங்காதுதான். அதனால் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போடு. அடுத்த கப்பலில் வரும் நம் தெருக்காரரிடம் கோலாக் கருவாடும், மிளகாய்ப் பொடி சேர்க்காமல் உப்பில் மட்டும் ஊறிய எலுமிச்சையும் கொடுத்தனுப்புகிறேன். பத்தியத்துக்குக் கருவாடு எப்போதும் நல்லது.

தர்காவில் பாத்திஹா ஓதச் சொல்லியிருக்கிறேன். மனம் தளராதே.
ஆசியா


பினாங்கு,
30 மார்ச் 1935

என் லாத்தாவுக்கு ஸலாம். பெரியவன் சளி தேறியதா? கருவாடும் ஊறுகாயும் வந்து சேர்ந்தன. மூட்டையைப் பிரித்ததும் இந்த மாடியறை முழுக்க நாகூர்க் கடற்கரை மணம்.

நீ சொன்னபடியே செய்கிறேன். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த வேதாரண்யம் உப்பு இருக்கிறது, அதைத் தாராளமாகவே போடுகிறேன். ஒரு மிளகு கிடையாது. கருவாட்டைச் சுட்டு உதிர்த்துச் சோற்றில் பிசைந்து எடுத்துப் போகிறேன். இவர்கள் அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கஞ்சியைப் பக்கத்துக் கட்டில்காரர்கூடத் தொடுவதில்லை.

நீ எப்போதும் நான் அவசரக்காரி என்பாய். இந்த முறை நன்றாக விசாரித்துவிட்டேன். வார்டில் சித்தி ஹாஜரா என்று ஒரு மலாய் ஆயா இருக்கிறார், நல்ல மனுஷி. இவர்கள் கட்டிலுக்கு மேலே ஒரு சிலேட்டு மாட்டி, அதில் சாக்கட்டியால் எழுதி வைத்தார். எழுத்து நம் எழுத்துதான் லாத்தா, அரபு எழுத்து! நாம் அரபுத்தமிழ் எழுதுவதுபோல அவர்கள் மலாயை எழுதுகிறார்கள். காஃப், அலிஃப், ரே, மீம். எழுத்துக்கூட்டிப் படித்தேன்: காரம். காஃபுக்கு ஒரு புள்ளி மட்டும் கூடுதலாக இருந்தது, அது அவர்கள் பழக்கம் போலும். "காரமா?" என்று ஆயாவிடம் வாய்விட்டும் கேட்டேன். "காரம், காரம்" என்று அழகாகத் தலையாட்டினார். இதற்குமேல் என்ன விசாரிக்க?

இவ்வளவு பத்தியமாக இருந்தும் வீக்கம் வடியவில்லை. முந்தியைவிடக் கூடியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரி மருந்தில் சத்தில்லை. பேக்கர் துரை வருகிறார், கட்டிலில் தொங்கும் அட்டையைப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார், போகிறார். நோய் அட்டைக்கா, ஆளுக்கா?

நீயும் துஆ செய், பிள்ளைகளையும் கேட்கச் சொல்.
ருக்கையா

மச்சிக்கு ஸலாம். கருவாடு பிரமாதம். தலைவலி போகவில்லை. — ஹபீப்


நாகூர்,
14 ஏப்ரல் 1935

தங்கச்சி ருக்கையாவுக்கு ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை நீ எழுதவே இல்லை.

வீக்கம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறாய். சொன்னதைக் கேட்டு, காரத்தை ஒழித்து, வேளை தவறாமல் சோறு சுமந்து போகிறாய். அப்படியும் கூடுகிறதென்றால் கோளாறு யாரிடம்? அட்டையைப் பார்த்துவிட்டுப் போக ஒரு டிரெசர் எதற்கு? ஹாஜியாரிடம் சொல்லி ஆஸ்பத்திரிப் பெரியவர்களுக்கு ஒரு மகஜர் எழுது. நீ பெண்பிள்ளை என்று ஒதுங்காதே, நான் சொல்கிறேன்.

இங்கே இவர்கள் மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து வருகிறார்கள். உன் கடிதங்களைப் படித்துக் காட்டுகிறேன். அவர்களுக்கு ஏதாவது யோசனை தோன்றும்.

மாப்பிள்ளை இந்த முறை ஒரே வரியோடு நிறுத்திவிட்டார். கேலி இல்லாமல் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.
ஆசியா


பினாங்கு,
22 ஏப்ரல் 1935

லாத்தாவுக்கு ஸலாம். உன் வீட்டில் அனைவரும் சுகமாக இருக்கட்டும். நான் சுகமா என்று கேட்டாயே. உடம்பெல்லாம் கொதிக்கிறது. எனக்கும் ரத்தக் கொதிப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்.

எங்களை வெளியே துரத்திவிட்டார்கள்.

முந்தாநாள் சாப்பாடு கொண்டுபோனேன். பேக்கர் வந்து தூக்குச்சட்டியைப் பிடுங்கித் திறந்தான். கருவாட்டைப் பார்த்தானோ இல்லையோ, பேய் பிடித்தவன்போலக் கத்தினான். "காரம்! காரம்! பாஞா காரம்!" வார்டே எழுந்து உட்கார்ந்து பார்த்தது. லாத்தா, அந்தச் சோற்றில் ஒரு மிளகாய் விதை கிடையாது. நான் தமிழில் சொன்னேன். கையால் சைகை காட்டினேன். கடைசியில் ஒரு பிடி எடுத்து என் வாயில் போட்டு மென்று காட்டினேன், பார், கண்ணில் தண்ணீர் வருகிறதா என்று! அவன் சட்டியோடு குப்பைத் தொட்டியில் கவிழ்த்தான். நீ ஊரிலிருந்து அனுப்பிய கருவாடு.

மறுநாள் டாக்டர் வந்தார். பேக்கர் இங்கிலீஷில் என்னவோ நீளமாகச் சொன்னான். டாக்டர் தோளைக் குலுக்கிக் கையெழுத்துப் போட்டார். வாசல் காவலாளிதான் ஹாஜியாரின் ஆளிடம் காரணம் சொன்னான். சொல் கேட்காத நோயாளியாம், சொல் கேட்காத குடும்பமாம், இனிச் சேர்க்க மாட்டார்களாம்.

யார் சொல் கேட்கவில்லை? நானா? எலுமிச்சையைக்கூட மிளகாய்ப் பொடி இல்லாமல் ஊறவைத்துக் கடல் கடந்து அனுப்பியது எந்தக் குடும்பம்? இவர்களை ரிக்ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கெஞ்சிக் கேட்டாலும் இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன். என் கையால் ஆக்கிப் போட்டு நானே தேற்றுகிறேன்.

தபால் நேரமாகிவிட்டது. வஸ்ஸலாம்.
ருக்கையா


நாகூர்,
4 மே 1935

ருக்கையாவுக்கு அவசரம். ஸலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை.

இவர்கள் கொழும்பிலிருந்து வந்துவிட்டார்கள். உன் கடிதத்தை இப்போதுதான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "பாஞா காரம்" என்று நான் படித்ததும் இவர்கள் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார்கள். "என்ன சொன்னான்? திரும்பப் படி" என்றார்கள். படித்தேன். முகம் செத்துவிட்டது.

ருக்கையா, அவன் சொன்னது நம் காரம் இல்லை. மலாய் பாஷையில் அந்தச் சொல்லுக்கு உப்பு என்று அர்த்தம். பாஞா காரம் என்றால் உப்பு ரொம்ப. உப்புத்தான் மாப்பிள்ளைக்கு ஆகாது. வீக்கத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அதுதான் விஷம் என்று இவர்கள் சொல்கிறார்கள்.

உடனே உப்பை நிறுத்து. கருவாட்டைத் தெருவில் எறி. தந்தி அடிக்க இவர்கள் நாகப்பட்டினம் ஓடியிருக்கிறார்கள். தந்தி கிடைத்ததா என்று எழுது.
ஆசியா


நாகூர்,
27 மே 1935

அன்புத் தங்கச்சி ருக்கையாவுக்கு ஸலாம். நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. இரண்டு கப்பல் தபால் வந்துவிட்டது, தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிக்கொண்டு போகிறார்.

தந்தி கிடைத்ததா? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? நீ என்மேல் கோபமாக இருந்தால் அதையாவது எழுது. திட்டி எழுது. உன் திட்டைப் படித்தால் நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.
ஆசியா


பினாங்கு,
8 ஜூன் 1935

என் லாத்தாவுக்கு ஸலாம். இருக்கிறோம். இரண்டு பேருமே இருக்கிறோம். அதை முதலில் படித்துக்கொள். இத்தனை நாள் பேனா எடுக்க முடியாத அலைச்சல்.

தந்தி கிடைத்தது. அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊர் உப்பு தீர்ந்துபோய், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தெருமுனைச் சீனன் கடைக்குப் போனேன். உப்பு மூட்டையைக் காட்டினேன். "காரம்?" என்று கேட்டான். "காரம் வேண்டாம், உப்பு, உப்பு" என்றேன். அவன் சிரித்து, ஒரு சிட்டிகை அள்ளி என் உள்ளங்கையில் போட்டு, "காரம் லா, காரம்" என்றான். நக்கிப் பார்த்தேன். உப்பு.

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹாஜியார் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் "காரம் கூடாதாம்" என்று நான் தமிழில் சொன்னேன். அவர்களும் மிளகாய் என்றே நினைத்துத் தலையாட்டினார்கள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருப்பவர்கள். தமிழ் வாயால் சொன்னால் அது காரம், மலாய் வாயால் சொன்னால் உப்பு. அந்த அரபு எழுத்தும் எனக்கு அதையே சொன்னதே, லாத்தா! எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று எவ்வளவு பெருமைப்பட்டேன். என் கையால், வேளா வேளைக்கு, தூக்கலாக.

உப்பைத் தூக்கலாகப் போடச் சொன்னது யார் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

வீட்டுக்கு ஓடினேன். இவர்களுக்கு மூச்சு இரைக்கிறது, கூப்பிட்டால் வேறு எங்கோ பார்க்கிறார்கள். இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று எழுதினேனே, அந்தப் படிக்கே ரிக்ஷா வைத்துக் கொண்டுபோனேன். காவலாளி மறித்தான். இவர்களைப் படியில் சாய்த்துவிட்டுக் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். டாக்டரின் மோட்டார் வந்து நின்றது. பேக்கர் ஓடி வந்தான்.

"காரம்னா உப்புன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன், வேறு எதில் கத்துவேன்? "தெரிஞ்ச யாரையாவது கூப்பிட்டு ஒரு தரம் சொன்னா உங்க நாக்கு தேஞ்சுடுமா?"

அவன் டாக்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "உப்புப் போடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல? நீங்க கேக்கலேன்னா நான் என்ன பண்றது?"

தமிழ், லாத்தா. தமிழ்! அதுவும் நம் பக்கத்துத் தமிழ்.

"எந்த ஊரு?" என்று கேட்டேன். வாய் தவறி "வெளிப்பாளையம்" என்று சொல்லிவிட்டான். நாகப்பட்டினம் வெளிப்பாளையம். நம் வீட்டிலிருந்து ஒரு மாட்டுவண்டிப் பயணம்.

"பேரு?"

"பேக்கர்."

"பெத்தவ வச்ச பேரு?"

"பக்கிரிசாமி."

"இந்தத் தமிழை இத்தனை நாளா எந்தப் பெட்டியில பூட்டி வச்சிருந்தீங்க? குத்தம் சொல்ல மட்டும் தொறந்தீங்களா?"

"கத்தாதீங்கம்மா. இங்க தமிழ்ல பேசினா எங்களையும் கூலிக்காரன்னு நெனைப்பாங்க."

கேட்டாயா? அவனைக் கூலிக்காரன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதற்காக என் புருஷன் உப்புத் தின்று சாகலாம். உப்பு என்று ஒரு சொல், லாத்தா. அதை அவன் முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த வீக்கம் ஏது, இந்த ரிக்ஷா ஏது, இந்தப் படி ஏது?

டாக்டருக்கு மலாய் தெரியும். ஆயா சித்தி ஹாஜரா ஓடிவந்து, சிலேட்டைக் காட்டி, என்னைக் காட்டி, விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது அந்த மனுஷிக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் கேட்டுவிட்டுச் சிரித்தார். நல்ல வேடிக்கை ஒன்றைக் கேட்டவர்போல வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே இவர்களை உள்ளே தூக்கிப்போகச் சொன்னார். சிரித்ததற்கு அவர்மேல் காறித் துப்புவதா, சேர்த்துக்கொண்டதற்குக் கையெடுத்துக் கும்பிடுவதா? எதுவும் செய்யாமல் கட்டிலுக்குப் பின்னாலேயே நடந்தேன்.

உப்பை நிறுத்தியதும் தண்ணீர் பிரிகிறது. முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது. இவர்கள் தூங்குகிறார்கள், அதனால் உனக்கு வரி இல்லை.
ருக்கையா


நாகூர்,
22 ஜூன் 1935

என் தங்கச்சிக்கு ஸலாம். உன் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்துவிட்டேன். இங்கே எல்லாரும் சுகம். சோறு இறங்குகிறது.

நீ அப்படியே இருக்கட்டும் என்று விட்டாயே, அந்த ஒரு வரிக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை.

கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாமல் வெளிப்பாளையம் போனேன். உனக்கு மட்டும்தான் கோபம் வருமா? டிரெசர் பக்கிரிசாமி வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். தாய் மட்டும் இருக்கிறார். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வரத்தான் போனேன். "பினாங்கிலேருந்தா வர்றீங்க, எம் புள்ளையப் பாத்தீங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை தங்காமல் தங்காமல் போய், நம் நாகூர் தர்காவில் நேர்ந்துகொண்டு பிறந்தவனாம். அதனால்தான் பக்கிரி என்ற பெயராம். மாதம் தவறாமல் கடிதம் போடுகிறானாம், இங்கிலீஷில். அவருக்கு ஒரு எழுத்துத் தெரியாது. போஸ்டுமாஸ்டர் வீட்டு வாசலில் காத்திருந்து, அவர் ஓய்வாக இருக்கும்போது அர்த்தம் கேட்டுக்கொண்டு வருகிறாராம். "நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கான்னு சொல்லுவாரு. அவ்வளவு நீளக் காயிதத்துல அது மட்டுமா எழுதியிருப்பான்?" என்று என்னைக் கேட்கிறார்.

நான் கொண்டுபோன நாலு கேள்வியையும் அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். நீ வேண்டுமானால் அவனிடம் கேள்.

இன்னொன்று. மாப்பிள்ளை தூங்குகிறார் என்று எழுதினாய். அதற்கு முந்திய கடிதத்திலும் அவர் வரி இல்லை. முகம் தெளிந்த மனிதருக்கு ஒரு வரி எழுதவா முடியாது? ருக்கையா, நீ எதையோ எழுதாமல் விடுகிறாய்.
ஆசியா


பினாங்கு,
8 ஜூலை 1935

என் லாத்தாவுக்கு ஸலாம். உன் சுகம், மச்சான் சுகம், பிள்ளைகள் சுகம் எல்லாவற்றுக்கும் துஆ.

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். இவர்கள் கண் போய்விட்டது. முழுக்க இல்லை. பகல் எது, ஆள் எது என்று தெரிகிறது. என் முகம் மங்கலாகத் தெரிகிறதாம், "அதுவும் நல்லதுக்குத்தான்" என்கிறார்கள். எழுத்துத் தெரியவில்லை. ஊசியின் காது தெரியவில்லை. தொப்பிக் கடையில் இனி என்ன வேலை செய்வார்கள்? ரத்தக் கொதிப்பு கண்ணுக்கு ஏறிவிட்டது, போனது திரும்பாது என்று டாக்டர் சொன்னாராம். அதைப் பக்கிரிசாமிதான் வந்து சொன்னான். தமிழில், தெளிவாக, ஒரு வார்த்தை குழறாமல் சொன்னான். உயிர் பிழைக்கிற சேதியை மலாயில் சொல்வார்கள், கண் போன சேதிக்கு மட்டும் தமிழ் வந்துவிடும்.

குண்டிக்காய் தேறுமா என்றும் கேட்டேன். இருக்கிறவரை உப்பில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றான். ஒளிக்காமல் சொன்னான்.

உன் கடிதம் வந்த மறுநாள் அவனைக் கட்டிலருகில் நிறுத்தினேன். உன் நாலு கேள்வியை நானும் கேட்கவில்லை. "உங்க அம்மா போஸ்டுமாஸ்டர் வாசல்ல காத்துக் கெடக்காங்க, உங்க காயிதத்துக்கு அர்த்தம் கேக்க" என்று மட்டும் சொன்னேன். அவன் கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்துச் சரி செய்தான். "தமிழ் எழுதி ரொம்ப நாளாச்சும்மா. மறந்துபோச்சு" என்றான். "எழுதிப் பாருங்க, வரும்" என்றேன்.

இன்று போனபோது சிலேட்டில் ஆயாவின் எழுத்துக்குக் கீழே கோணல்மாணலாகத் தமிழில் "உப்பு கூடாது" என்று எழுதியிருந்தது. ப்-க்குப் புள்ளியில்லை. பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்திருக்கும் தோட்டத் தொழிலாளியின் தலைமாட்டிலும் அதே எழுத்து. அவர் மனைவி பத்து காவான் என்ற ஊரிலிருந்து படகேறி, கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார். சிலேட்டைப் படிக்கத் தெரியாது என்றார். நான் படித்துச் சொன்னேன். குழம்பை நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இதற்காக நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஒரு சொல்லுக்கு இரண்டு கண்ணா? அவன் எத்தனை சிலேட்டு எழுதினாலும் என் கோபம் என்னிடம்தான் இருக்கும். நான் சாகும்போது கூடவே எடுத்துப்போவேன்.

உனக்கு வரி வேண்டும் என்று நீ எழுதியதை இவர்களுக்குப் படித்துச் சொன்னேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள். காகிதத்தின் ஓரம் இதுதான் என்று விரலைப் பிடித்து வைத்திருக்கிறேன். எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும், பொறுத்துப் படி.
உன் ருக்கையா

மச்சிக்கு ஸலாம். சுகம். உங்கள் தங்கை சமையலில் உப்புப் போய்விட்டது. பேச்சில் காரம் அப்படியே இருக்கிறது. அதைக் கூடாதென்று இதுவரை எந்த டாக்டரும் சொல்லவில்லை. — ஹபீப்